தெருவிலேயே தங்கிவிடும் வாசனை

காபிப்பொடி அரைக்கும் கடை எங்கே என்று தாம்பரத்தில் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மேற்குத் தாம்பரம் கடைத்தெருவிலோ, குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கமோ, நங்கநல்லூரிலோ காலை பத்து மணிக்கு மேல் நடந்தால் மூக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்த வாசனையைப் பற்றி ஓர் உண்மை உண்டு. தெருவில் நம் மூக்கை எட்டும் ஒவ்வொரு மூலக்கூறும் பொடியை விட்டு வெளியேறியது. கடைக்காரர் கட்டித் தரும் கவருக்குள் அது திரும்பப் போவதில்லை. கடையிலிருந்து வீடு பத்து நிமிட நடை என்றால் இந்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டாம். வீடு டாலஸிலோ மெல்பர்னிலோ இருக்கும்போதுதான் அது பெரிய விஷயமாகிறது.

தென்சென்னைப் புறநகரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். மீனம்பாக்கம் விமான நிலையம் ஜிஎஸ்டி சாலையிலேயே இருக்கிறது. கோடை விடுமுறைக்குப் போகிற பெற்றோர் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசியாகச் செய்கிற வேலை, காபிப்பொடி வாங்கி வருவது. "வரும்போது பொடி எடுத்துட்டு வாங்கம்மா, இங்க கிடைக்கிறது வாயில வைக்க முடியல" என்று பிள்ளை கேட்டிருக்கும். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று அரைத்து, பாலிதீன் கவர் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, டேப் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். அவ்வளவு அன்போடு செய்கிற காரியத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்பது என் கருத்து. பொடியை விட்டுவிட்டு வறுத்த கொட்டையாகக் கொண்டுபோங்கள். அரைப்பது அங்கே நடக்கட்டும். அதற்கு அங்கே ஒரு நல்ல அரைவைக் கருவி வேண்டும். ஏன் என்பதற்குக் கொட்டைக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பச்சைக் காபிக்கொட்டைக்கு நாம் அறிந்த காபி மணம் கிடையாது. புல் வாசனைதான் வரும். அதில் ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காடு. வறுக்கும் உருளையில் வெப்பம் ஏற ஏற ஈரம் ஆவியாகிறது. கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்குகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மெயிலார்டு 1912இல் விவரித்த வினை இது. ரொட்டி சிவப்பதும், தோசை முறுகுவதும், வெங்காயம் பொன்னிறமாவதும் பெருமளவு இதனால்தான். 200 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது கொட்டைகள் பட்பட்டென்று வெடிக்கும். உள்ளே சேர்ந்த நீராவியும் கரியமில வாயுவும் செல் சுவர்களைக் கிழிக்கும் ஓசை அது. இறக்கி ஆற்றும்போது ஈரம் 3 விழுக்காட்டுக்கும் கீழே போயிருக்கும். கொட்டை உப்பி, லேசாகி, விரலால் நசுக்கினால் உடையும் அளவுக்கு நொறுங்கலாகியிருக்கும். ஆவியாகும் மணப்பொருள்கள் 800க்கும் மேல் அதற்குள் உருவாகியிருக்கும். அவற்றில் சிலவே காபியைக் காபியாக்குகின்றன. முக்கியமானது 2-ஃபர்ஃபியூரில்தயால் என்ற கந்தகச் சேர்மம். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் நிலைத்து நிற்காது. ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் காணாமல் போய்விடும்.

வறுத்த கொட்டை இந்த மணத்தைக் காப்பாற்றும் விதம் அழகானது. அதன் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கரியமில வாயு, நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கிறது. ஒரு கிலோ கொட்டைக்குள் கிட்டத்தட்ட 5 லிட்டர் வாயு. அது மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் கசிகிறது. உள்ளிருந்து வாயு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை வெளியிலிருக்கும் ஆக்சிஜன் எளிதில் நுழைய முடியாது. அரைக்கிறபோது இந்தக் காவல் தகர்கிறது. கொட்டை எவ்வளவு ஆழமாக வறுபட்டது, எவ்வளவு நைஸாக அரைபட்டது என்பதைப் பொறுத்து, கால் பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை வாயு அரைவையின்போதே போய்விடுகிறது. மணப்பொருள்களையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்புக் கணக்கும் எதிராகத் திரும்புகிறது. 8 மில்லிமீட்டர்க் கொட்டையை அரை மில்லிமீட்டர்த் துகள்களாக்கினால் காற்றுப் படும் பரப்பு 16 மடங்காகும். அராபிகா கொட்டையில் சுமார் 15 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது, ரோபஸ்டாவில் 10. அந்த எண்ணெய் இப்போது காற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சில வாரங்களில் அது சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். மகள் வீட்டில் ஆறாவது வாரம் திறக்கும் பொட்டலத்தில் கசப்பு அப்படியே இருக்கும், நிறமும் இருக்கும். மணம் மட்டும் இராது.

சூடு ஆறாத பொடியைக் கட்டி விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பொட்டலம் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுவதுண்டு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போலக் குறைத்து வைக்கப்படுகிறது. பொட்டலத்துக்குள் கசிந்திருக்கும் கரியமில வாயு விரிகிறது, அவ்வளவுதான். உப்பிய பொட்டலம் உண்மையில் புதுப்பொடி என்பதற்குச் சாட்சி. கவலைப்பட வேண்டியது, உப்பாத பொட்டலத்தைப் பார்த்துத்தான். பயணத்தில் இன்னொரு தொல்லையும் பொடிக்கு உண்டு. 2018 ஜூன் இறுதியிலிருந்து, அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி லிட்டருக்கு மேல் பொடி வகை எது இருந்தாலும் தனிச் சோதனைக்குப் போகும். காபிப்பொடியில் அது 200 கிராம்கூடத் தேறாது. ஆகவே பொடி என்றால் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். வறுத்த கொட்டையைப் பயணிகள் கொண்டுவர அமெரிக்கா அனுமதிக்கிறது. மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எந்தக் கொட்டை? நம் கடைகளில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் புழங்குகின்றன: பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா. பிளாண்டேஷன் என்பது பழத்தின் தோலை உரித்து, வழவழப்பைக் கழுவி உலர்த்திய அராபிகா. 'ஏ' என்பது சல்லடை அளவு, 6.65 மில்லிமீட்டர்த் துளைச் சல்லடையில் தங்கும் பெரிய கொட்டை. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முதுகு வெளியேயும் தட்டை முகம் உள்ளேயுமாக ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று வளராமல் நின்றுபோனால் மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டையாகிறது. அதுதான் பீபெரி, விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. உருளையில் நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்பார்கள். நம் வீடுகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் வெளிநாட்டில் கொட்டை தேடுகிறவர் பீபெரியைத் துரத்த வேண்டாம் என்பேன். எப்போது வறுத்தது என்பது, உருண்டையா தட்டையா என்பதைவிடப் பல மடங்கு முக்கியம். பைமேல் வறுத்த தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று மட்டும் போட்டிருந்தால் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம். பையில் சிறு வட்ட வால்வு இருந்தால் நல்லது. உள்ளே சேரும் வாயுவை அது வெளியே விடும், காற்றை உள்ளே விடாது.

சேர்வராயன் மலையில் காபியை அறிமுகம் செய்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். ஏற்காடு, நீலகிரி, தாண்டிக்குடியைச் சுற்றிய கீழ்ப்பழனி மலைகள் என்று தமிழ்நாட்டின் காபி இன்றும் மர நிழலில்தான் விளைகிறது. ஆனாலும் நாட்டின் மொத்தத்தில் பெரும்பகுதி கர்நாடகத்தினுடையது. இந்தியா விளைவிப்பதில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. நெடுங்காலமாக முதன்மையான வாடிக்கையாளர் இத்தாலி. எஸ்பிரெஸோவின் மேல் நிற்கும் தடித்த நுரைக்கு இந்திய ரோபஸ்டாவை அவர்கள் விரும்பிச் சேர்க்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். அங்கே இந்தியக் கொட்டை கிடைக்காவிட்டால், அராபிகாவும் ரோபஸ்டாவும் கலந்த இத்தாலியப் பாணி எஸ்பிரெஸோ கொட்டையை வாங்கலாம். நம் நாக்குக்கு மிக நெருங்கி வருவது அதுதான். கொஞ்சம் கவனம் தேவை: அராபிகாவில் காஃபீன் சுமார் 1.2 விழுக்காடு, ரோபஸ்டாவில் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தியக் கொட்டைகளில் வெளிநாட்டுக் கடைகளில் ஓரளவு எளிதாகக் கிடைப்பது மான்சூன்டு மலபார். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பருவமழைக் காற்றை மாதக்கணக்கில் குடித்து, உப்பி, வெளிறிப்போன கொட்டை. புளிப்பு மிகக் குறைவு, கனம் அதிகம். பாலோடு நன்றாகச் சேரும். எத்தியோப்பியா, கென்யாக் கொட்டைகளை இளவறுப்பாக விற்பார்கள். பழ மணம் நிறைந்த அருமையான காபி அது, பால் இல்லாமல் குடிக்க. டிகாஷன் இறக்கிப் பால் ஊற்றினால் புளிப்பு முன்னே வந்து நிற்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வேறு சூழல். அங்குள்ள 'கோப்பி'க் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பது மரபு. அதற்கென்று ஒரு சுவை இருக்கிறது, அதைத் துணி வடிகட்டியில்தான் இறக்க வேண்டும். நம் ஃபில்டரில் போட்டு நம் காபியை எதிர்பார்க்கக் கூடாது.

இனி சிக்கரி. 'பியூர் காபிதான் உயர்ந்தது' என்று சொல்லி அதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீல நிறப் பூப் பூக்கும் ஒரு செடியின் வேர் அது. அதில் நிறைந்திருக்கும் இனுலின் என்ற மாவுப்பொருள் வறுக்கும்போது உடைந்து கருகிய சர்க்கரையின் சுவையைத் தருகிறது. காஃபீன் துளியும் இல்லை. காபிப்பொடி 100 கிராமில் வெந்நீரில் கரையக்கூடியது அதிகபட்சம் 30 கிராம் அளவு. வறுத்த சிக்கரியில் 70 கிராம் வரை கரையும். டிகாஷன் கெட்டியாக, கருப்பாக விழுவதன் ரகசியம் இதுதான். அதோடு சிக்கரி நீரை உறிஞ்சி உப்பிப் பொடிப் படுகையின் இடுக்குகளை நிரப்புவதால், நீர் மெதுவாக இறங்கிக் காபியோடு அதிக நேரம் இருக்கிறது. கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். 80க்கு 20 போதும் என்பது என் நாக்கின் தீர்ப்பு. 60க்கு 40 கேட்கும் வீடுகளும் உண்டு.

அமெரிக்காவில் நம்மைப் போலவே சிக்கரி கலந்து குடிக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குக் காபி வரத்து தடைபட்டது. மக்கள் சிக்கரியைக் கலந்து நீட்டித்தார்கள். போர் 1865இல் முடிந்தது, பழக்கம் தங்கிவிட்டது. 1862இல் தொடங்கிய கஃபே டு மாண்ட் என்ற அந்த ஊர்க் கடையின் மஞ்சள் தகர டின், சென்னைப் பொடி கிடைக்காத காலத்தில் அமெரிக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் இடம்பிடித்தது. அவசரத்துக்கு இன்றும் கைகொடுக்கும். ஆனால் கொட்டை வாங்கி அரைக்கத் தொடங்கியவர்கள் வறுத்த சிக்கரியைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வதே மேல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும் தன்மையுடையது. கலந்து வைத்தால் காபியையும் சேர்த்து நமர்க்க வைக்கும். அரைவைக் கருவிக்குள் அதைப் போடவே கூடாது. காபியை அரைத்தபின் ஃபில்டரில் போடும் நேரத்தில் கலந்தால் போதும்.

அரைவைக் கருவிக்கு வருவோம். நல்ல கொட்டைக்குச் செலவு செய்துவிட்டு மிக்ஸியில் அடிப்பவர்கள்தான் அதிகம். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. எந்தத் துண்டு எத்தனை முறை அடிபடும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒரு நிமிடம் ஓட்டித் திறந்தால் அடியில் முகப்பவுடர் போன்ற தூசியும் மேலே அரைக் கொட்டையும் சேர்ந்தே கிடக்கும். தூசி சில நொடிகளிலேயே எல்லாவற்றையும் கரையவிட்டுக் கசப்பு வரை கொடுத்துவிடும்; பெருந்துண்டு உள்ளிருப்பதைக் கொடுக்காமலே குப்பைக்குப் போகும். ஒரே டம்ளரில் கசப்பும் வெறுமையும் சேர்ந்து வருவது இதனால்தான். கடையில் இருக்கும் இயந்திரமும், முன்பு சில வீடுகளில் மேசை விளிம்பில் திருகி மாட்டியிருந்த இரும்புக் கைமெஷினும் வேறு வகை. பல் வைத்த இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே கொட்டை சிக்கி, அந்த இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்கு உடைந்த பிறகே வெளியே விழும். இடைவெளியைத் திருகினால் அளவு மாறும். கார் செய்யும் பிரெஞ்சு நிறுவனம் பெஜோ, காருக்கு வெகுகாலம் முன்பே, 1840இல், இத்தகைய காபி மில்லைச் செய்து விற்கத் தொடங்கியது. தத்துவம் அன்றிலிருந்து மாறவில்லை. எஃகு கூர்மையாகியிருக்கிறது, அச்சு ஆடாமல் நிற்கிறது.

ஆகவே வெளிநாட்டில் வாங்கும்போது பிளேடு இல்லாத, பல்சக்கர வகையா என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தில் ஓடுவது வேண்டுமா, கைப்பிடி சுற்றுவது வேண்டுமா என்றால், இரண்டு மூன்று பேர் குடிக்கும் வீட்டுக்குக் கைமில்லே போதும் என்பேன். அதே விலையில் அதில் கிடைக்கும் உலோகச் சக்கரம் மோட்டார் வைத்ததில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் தரமாக இருக்கும். மோட்டாருக்குப் போகும் காசு சக்கரத்துக்கும் அச்சுக்கும் போகிறது. ஊர் மாறினாலும் கவலையில்லை. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். கைமில்லுக்கு அந்த ஆபத்து கிடையாது. பீங்கான் சக்கரம் வைத்த மலிவான கைமில்களில் அச்சு ஆடும், அளவு சீராக இராது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து எஃகுச் சக்கரம் வாங்குவது நல்லது.

குளிர்நாட்டுக்குப் போனவர்கள் ஊரில் பார்க்காத ஒன்றைப் பார்ப்பார்கள். அரைத்த பொடி மில்லின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கவிழ்த்தால் நாலாபுறமும் பறக்கும். கொட்டை உடையும்போதும் உரசும்போதும் துகள்களில் மின்னூட்டம் ஏறுகிறது. தாம்பரத்தின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் கசிந்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் வறண்ட காற்றில் வெளியேற வழியில்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன், எரிமலைச் சாம்பலில் மின்னல் உண்டாவதை ஆராயும் அறிவியலாளர்களோடு சேர்ந்து 2023இல் இதை அளந்தார். அரைக்குமுன் கொட்டையில் சிறிது நீர் சேர்த்தால் மின்னூட்டம் வெகுவாகக் குறைந்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாததால் எஸ்பிரெஸோவில் அதிகச் சாரமும் இறங்கியது. வீட்டில் செய்வது எளிது. ஒரு ஸ்பூனின் காம்பை நீரில் நனைத்துக் கொட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அவ்வளவு ஈரமே போதும். அதே ஹெண்டன் பங்கேற்ற 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, குளிர்ந்த கொட்டை சூடான கொட்டையைவிடச் சீராக உடைகிறது என்று காட்டியது. எனவே ஊரிலிருந்து கொண்டுபோன கொட்டையைச் சிறு சிறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வைப்பது இரண்டு வகையில் லாபம். பழையதாவதும் தள்ளிப்போகிறது, அரைவையும் சீராகிறது. ஒரே பெரிய பையை ஃப்ரீஸரில் வைத்துத் தினமும் திறந்து மூடினால் மட்டும் வியர்வை படிந்து எல்லாம் வீணாகும்.

எந்த அளவுக்கு அரைப்பது? நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரில் நீரைத் தள்ள எந்த அழுத்தமும் இல்லை, புவியீர்ப்பு மட்டுமே. துகள் படுகை வழியாக நீர் ஊறும் வேகம் துகள் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. துகளைப் பாதியாக்கினால் வேகம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். எஸ்பிரெஸோவுக்கு அரைத்த பொடியை நம் ஃபில்டரில் போட்டால் நீர் மேலேயே நின்றுவிடுவது இதனால்தான். அந்த இயந்திரத்தில் 9 மடங்கு வளிமண்டல அழுத்தம் நீரைத் தள்ளுகிறது. காகித வடிகட்டிக்கு அரைத்ததைப் போட்டால் கடகடவென்று இறங்கி வெறும் கருப்புத் தண்ணீர் கிடைக்கும். நமக்குத் தேவை இரண்டுக்கும் இடைப்பட்டது. விரலில் உரசினால் மெல்லிய நறநறப்பு தெரிய வேண்டும், மாவாக ஒட்டக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் காபி பிடிபடவில்லை என்றால் நீரைப் பாருங்கள். கொட்டையிலிருந்து சுவைப்பொருள்களை இழுப்பதில் மக்னீசியம், கால்சியம் அயனிகளுக்குப் பங்குண்டு. பைகார்பனேட் புளிப்பை அடக்குகிறது. லண்டன் குழாய் நீர் சுண்ணாம்புக் கடினம். சான் பிரான்சிஸ்கோவுக்கு மலையிலிருந்து வருவது மென்னீர். ஒரே கொட்டை முதல் ஊரில் மழுங்கலாகவும் இரண்டாவது ஊரில் புளிப்பு தூக்கலாகவும் இறங்கும். கடின நீர் ஊரில் வடிகட்டும் ஜாடி ஒன்று உதவும். மென்னீர் ஊரில் கொட்டையை இன்னும் கொஞ்சம் ஆழமாக வறுத்ததாக வாங்கினால் புளிப்பு தணியும்.

புதுக் கருவியோடு முதல் வாரம் கடிகாரம் பார்த்து டிகாஷன் இறக்குங்கள். வெந்நீர் பட்டதும் பொடி நுரைத்துப் பொங்குகிறதா என்று கவனியுங்கள். பொங்கினால் கொட்டையில் இன்னும் வாயு இருக்கிறது, புதியது. பிறகு மூடிவிட்டுக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் முழுவதும் இறங்கிவிட்டால் அடுத்த முறை ஒரு படி நைஸாகத் திருகுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் மேலே நீர் நின்றால் ஒரு படி கொரகொரப்பாக. இருபது நிமிடத்திலிருந்து அரைமணிக்குள் இறங்கும் அளவு கிடைத்ததும் அந்தப் படியின் எண்ணை மில்லின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். கொட்டையை மாற்றும்போது மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.